ஆச்சி வீட்டு அவரை விதை: ஒரு புறவாசலின் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்க ஆச்சி வீடு வீரகேரளம்புதூர்ல இருந்தது. தென்காசி மாவட்டம். சுரண்டைக்குப் பக்கம். அந்தப் பக்கத்து ஆட்கள் யாரும் முழுப் பேரைச் சொல்ல மாட்டாங்க, 'வீ.கே.புதூர்'தான். ஆச்சி போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் கழிச்சு அந்த வீட்டை விக்கறதா முடிவாச்சு. சாமான் ஒதுங்க வைக்கப் போனப்ப, அடுப்படிப் பரண்ல ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் கிடைச்சது. உள்ள சாம்பல். சாம்பலுக்குள்ள பதினாலு அவரை விதை. கறுப்பும் இல்லாம காவியும் இல்லாம ஒரு நிறம், ஓரத்துல வெள்ளைக் கோடு.

அதை எடுத்துட்டு சென்னைக்கு வந்தேன். நாலாவது மாடி பால்கனி, ரெண்டு குரோ பேக், தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம்... எல்லாம் முறைப்படி. விதையை ஊற வச்சுப் போட்டேன். என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன்.

ஆனா அந்தப் பதினாலு விதை எனக்குள்ள ஒரு கேள்வியைப் போட்டுச்சு. நாம வரலாறுன்னு சொன்னா கோட்டை, கல்வெட்டு, போர் இதைத்தான் நினைக்கிறோம். வீட்டுக்குப் பின்னாடி இருக்கற பத்தடி மண்ணுக்கு வரலாறு உண்டா? அந்த ஊரை மட்டும் சுத்திப் பார்த்தாலே, அந்தப் பத்தடி மண்ணுக்குள்ள போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், கம்பெனி, சாதி, தண்ணி எல்லாம் வந்து நிக்குது.

புறவாசல்

முதல்ல வார்த்தை. தஞ்சாவூர்ப் பக்கம் கொல்லைம்பாங்க. சில ஊர்ல புழக்கடை. எங்க பக்கம் புறவாசல். சங்க இலக்கியத்துல 'படப்பை'ன்னு ஒரு சொல் வரும், வீட்டை ஒட்டின தோட்டம்னு அர்த்தம். ஆக, வீட்டோட சேர்ந்த தோட்டத்துக்குன்னு தனியா ஒரு பேர் வைக்கற அளவுக்கு இது நமக்குப் பழசு.

ஆச்சியோட புறவாசலை 'கார்டன்'னு நினைச்சுக்காதீங்க. அழகுக்காக அங்க எதுவும் இல்ல. அடுப்படியில பாத்திரம் கழுவற அங்கணத்துத் தண்ணி ஒரு சின்ன வாய்க்கால்ல ஓடி வாழைக்குப் போகும். குளிக்கற தண்ணி சேம்புக்கும் கறிவேப்பிலைக்கும். அரிசி கழைஞ்ச தண்ணி மாட்டுக்கு. முருங்கை மட்டும் வேலியோரம் தள்ளி நிக்கும். அதோட கிளை சடக்குனு முறியும், கம்பளிப்பூச்சி வேற வரும், அதனால வீட்டுக்கு ஒட்டி வைக்க மாட்டாங்க. பந்தல்ல அவரை, பீர்க்கு, புடலை. புடலை வளையாம நேரா இறங்க நுனியில கல்லைக் கட்டி விடுவாங்க. கற்பூரவல்லி, துளசி, தூதுவளை எல்லாம் மருந்துக்கு. இருமல்னு சொன்னா முதல்ல புறவாசலுக்குப் போவாங்க, அதுக்கப்புறம்தான் டாக்டர்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு விசேஷம் இருக்கு. சென்னைக்குக் காரு மழையை விட ஐப்பசி, கார்த்திகை மழைதான் பெருசு. ஆனா தென்காசிக்கு மலை இடைவெளி வழியா ஜூன், ஜூலையில சாரல் வரும். பெருமழை ஐப்பசி, கார்த்திகையில. சாரல்ல மண்ணு நனைஞ்சதும் ஆடிப்பட்டத்துல விதைச்சா, கொடி ஏறி நிக்கற நேரத்துக்கு அடுத்த மழை வந்துரும். 'ஆடிப்பட்டம் தேடி விதை'ங்கற பழமொழிய நாம வாட்ஸப் ஸ்டேட்டஸா போடறோம். ஆச்சிக்கு அது ஒரு டைம்டேபிள்.

விதை எடுக்கறதுக்கும் முறை உண்டு. கொடியில முதல்ல, நல்லாத் திரண்டு வர்ற காயைப் பறிக்க விட மாட்டாங்க. "எய்யா, அது விதைக்கு. அதைத் தொடாத"ன்னு ஒரு சத்தம் வரும். அந்தக் காய் செடியிலயே காஞ்சு சலசலன்னு ஆகணும். அவரை விதை சாம்பலுக்குள்ள போகும், வண்டு அரிக்காது. பூசணி, சுரை விதையைச் சாணியில பதிச்சு வரட்டி மாதிரி சுவத்துல ஒட்டி வச்சிருவாங்க. அடுத்த ஆடி வரைக்கும் சுவர்தான் பீரோ.

கவனிங்க, ஒரு பைசா செலவு இல்ல. விதையை விலைக்கு வாங்கினதா அவங்க சொல்லி நான் கேட்டதே இல்ல. பக்கத்து வீட்டுல கேப்பாங்க, அடுத்த வருஷம் திருப்பிக் கொடுப்பாங்க. கல்யாணம் ஆகிப் போற பொண்ணு முந்தானையில கொஞ்சம் விதை முடிஞ்சுட்டுப் போகும். ஒரு அவரை ரகம் எந்த ஊர்ல இருந்து எந்த ஊருக்குப் போச்சுன்னு பார்த்தா, பொண்ணு கொடுத்து எடுத்த வழி தெரியும்.

எது நம்ம ஊர்ச் செடி?

இப்ப ஒரு சின்ன விளையாட்டு. ஆச்சி புறவாசல்ல இருந்ததைச் சொல்றேன், எது நம்ம மண்ணோடது, எது வெளியூர்னு நீங்க மனசுக்குள்ள சொல்லுங்க. கத்தரி, மிளகாய், தக்காளி, பப்பாளி, பறங்கிக்காய், கறிவேப்பிலை, அந்திமந்தாரை, கேந்திப்பூ, நித்தியகல்யாணி, அவரை.

கத்தரியும் கறிவேப்பிலையும் இந்தப் பக்கத்துச் செடிகள்தான். மிளகாய் அமெரிக்கக் கண்டம். 1498-ல வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுல இறங்கினதுக்கு அப்புறம், போர்த்துக்கீசியர் கப்பல் வழியா வந்தது. அதுக்கு முன்னாடி நம்ம காரம் மிளகு. புதுசா வந்த காய் மிளகு மாதிரி காரமா இருந்ததால மிளகு-காய், மிளகாய். நம்ம ஆளுங்க வந்தவனுக்குப் பழைய பேரையே மாட்டி விட்டுட்டாங்க. தக்காளிக்கும் அதே கதை. 'தக்காளி'ங்கற சொல் மணத்தக்காளிக்கு ஏற்கனவே இருந்தது. தென்னமெரிக்காவுல இருந்து வந்த சிவப்புப் பழம் அந்தப் பேரை எடுத்துக்கிச்சு. வயசானவங்க ரொம்ப நாள் அதைச் 'சீமைத் தக்காளி'ன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. பறங்கிக்காய்ல அந்த ஊர் முத்திரையே குத்தியிருக்கு. பறங்கியர் கொண்டு வந்த காய். பப்பாளியும் அமெரிக்கா.

சாயங்காலம் நாலு, அஞ்சு மணிக்குப் பூக்கற அந்திமந்தாரை? அதுவும் அமெரிக்காதான். இங்கிலீஷ்ல அதுக்கு 'பெரு நாட்டு அதிசயம்'னு ஒரு பழைய பேரே உண்டு. சாமிக்கு மாலை கட்டற கேந்திப்பூ மெக்சிகோவோடது. அங்க இறந்தவங்களுக்கான திருவிழாவுல வீட்டையும் கல்லறையையும் அதே பூவாலதான் அலங்கரிக்கிறாங்க. ஆச்சி கத்தரிப் பாத்திக்கு ஓரத்துல கேந்தி வைப்பாங்க. கேட்டா "பூச்சி அண்டாது"ம்பாங்க. கேந்தி வேர்ல இருக்கற ஒரு பொருள் மண்ணுல இருக்கற நூற்புழுவைக் கட்டுப்படுத்துதுன்னு பின்னால ஆராய்ச்சியில தெரிஞ்சது.

நித்தியகல்யாணி மடகாஸ்கர் தீவோடது. சிலர் அதை சுடுகாட்டு மல்லின்னு வீட்டுக்குள்ள விட மாட்டாங்க. அந்தச் செடியோட இலைகள் 1952-ல ஜமைக்காவுல இருந்து கனடாவுக்கு தபால்ல போச்சு. அங்க சர்க்கரை நோய்க்கு ஆகுமான்னு சோதிக்கப் போய், ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் ரத்தப் புற்றுநோய்க்கு எதிரான ஒரு மருந்தைக் கண்டுபிடிச்சாங்க. பேர் வின்பிளாஸ்டின். அடுத்து வந்த வின்கிரிஸ்டின் குழந்தைகளோட ரத்தப் புற்றுநோய் சிகிச்சையையே மாத்திருச்சு. வாசல்ல யாரும் சட்டை பண்ணாம நின்ன செடி!

கடைசியா அவரை. இதோட காட்டு மூதாதை ஆப்பிரிக்கா. ஆனா தென்னிந்தியாவுல மூவாயிரம் வருஷத்துக்கு மேல சாகுபடியில இருக்கு, சங்கப் பாட்டுலயும் அவரைப் பூ வரும். அப்ப அது நம்ம ஊர்ச் செடியா, வெளியூர்ச் செடியா?

எனக்கு என்ன தோணுதுன்னா, ஒரு செடி எங்க பிறந்ததுங்கறதை விட, அதை யார் வருஷா வருஷம் விதை எடுத்துத் திரும்ப நட்டாங்கங்கறதுதான் முக்கியம். மூவாயிரம் வருஷம்னா மூவாயிரம் தடவை யாரோ ஒருத்தர் "அதைத் தொடாத, அது விதைக்கு"ன்னு சொல்லியிருக்கணும். நடுவுல ஒரு தலைமுறை மறந்திருந்தா அந்த ரகம் அங்கேயே முடிஞ்சிருக்கும்.

ஏடு தேடி வந்தவர்

இந்த 'ஒரு தலைமுறை மறந்தா போச்சு'ங்கற விஷயத்துக்கு அதே ஊர்லயே இன்னொரு உதாரணம் இருக்கு.

வீரகேரளம்புதூர் சாதாரண ஊர் இல்ல. சிற்றாத்துக் கரை. ஊற்றுமலை ஜமீனோட அரண்மனை இருந்த இடம். 19-ஆம் நூற்றாண்டுல அங்க ஜமீன்தாரா இருந்தவர் இருதயாலய மருதப்பத் தேவர். காவடிச் சிந்து எழுதின சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாரை ஆதரிச்சவர் இவர்தான். உ.வே.சாமிநாதையர் ஏட்டுச் சுவடி தேடி திருநெல்வேலிச் சீமையில அலைஞ்ச காலத்துல இந்த ஜமீனுக்கும் வந்திருக்கார். தன்னோட சுயசரிதை 'என் சரித்திரம்'ல அதைப் பத்தி எழுதியிருக்கார்.

உ.வே.சா. என்ன செஞ்சார்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். பனை ஓலை நிரந்தரம் இல்ல. பூச்சி அரிக்கும், நுனி ஒடியும், ரெண்டு மூணு நூறு வருஷத்துல உதிர்ந்து போகும். அதனால ஒவ்வொரு காலத்துலயும் யாராவது உட்கார்ந்து புது ஓலையில பிரதி எடுக்கணும். எடுக்கலைன்னா அந்த நூலே இல்ல. அவர் தேடினது, கடைசியா பிரதி எடுத்தவங்களோட ஓலைகள்.

இதுல ஒரு பூக்கதை இருக்கு. குறிஞ்சிப்பாட்டுல கபிலர் 99 பூக்களோட பேரை வரிசையாச் சொல்றார்னு கேள்விப்பட்டிருப்பீங்க. உ.வே.சா. பத்துப்பாட்டைப் பதிப்பிக்க வேலை செஞ்சப்போ, அவர் கையில இருந்த ஏடுகள்ல அந்தப் பட்டியல்ல சில பூக்களோட பேர் விட்டுப் போயிருந்தது. அந்த இடத்துல ஓட்டை. விடாம தேடி, தருமபுரம் ஆதீனத்துல இருந்த ஏடுகளுக்குள்ள அந்தப் பூக்களைக் கண்டுபிடிச்சார். பத்துப்பாட்டு 1889-ல அச்சுல வந்தது. இந்த அனுபவத்தைப் பின்னால ஒரு கட்டுரையா எழுதினார். தலைப்பு: 'உதிர்ந்த மலர்கள்'.

ஒரு நிமிஷம் யோசிங்க. ஏட்டுல இருந்த பூவைத் தேட ஒரு மனுஷன் ஊர் ஊரா அலைஞ்சார். நியாயம்தான், அவருக்கு நாம என்னைக்கும் கடன்பட்டிருக்கோம். அதே வீ.கே.புதூர்ல, அரண்மனைக்குப் பின்னாடி நாலு தெரு தள்ளி, எத்தனை புறவாசல்ல எத்தனை ரகம் இருந்திருக்கும்? அதை யாரும் எழுதல. எழுதற ஆள் அந்தப் பக்கம் போகல, அங்க இருந்த ஆட்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எழுதவும் தெரியாது. அவங்க எடுத்த பிரதி ஓலையில இல்ல, மண்ணுல.

ஒரு மொட்டுக்காக நடந்த அக்கிரமம்

விதையோட மதிப்பு பாட்டிகளுக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்ததுன்னு நினைக்காதீங்க. உலகத்துலயே பெரிய வியாபாரக் கம்பெனிகளுக்கும் நல்லாத் தெரியும். அந்தக் கதை வீ.கே.புதூருக்கு ஒரு மணி நேரத் தூரத்துல இருக்கற குற்றாலத்துல வந்து முடியுது.

கிராம்புங்கறது ஒரு பூமொட்டு. மலராத மொட்டைப் பறிச்சுக் காய வைக்கறாங்க. அந்த மரம் இயற்கையா இருந்தது இப்போதைய இந்தோனேசியாவோட மலுக்குத் தீவுகள்ல மட்டும்தான். அதுக்குத் தெற்க இருக்கற பண்டா தீவுகள்ல ஜாதிக்காய். டச்சுக் கம்பெனி அங்க போனதும் எடுத்த முடிவு, உலகத்துக்கு இதை நாங்க மட்டும்தான் விக்கணும். 1621-ல பண்டா தீவு மக்களைக் கொத்துக் கொத்தா கொன்னாங்க, மிச்சப் பேரை அடிமையாக்கினாங்க. 1650-கள்ல இருந்து, அம்போன் பக்கத்துல தங்களோட கட்டுப்பாட்டுல இருந்த கிராம்பைத் தவிர, மத்த தீவுகள்ல இருந்த மரங்களை ஆள் அனுப்பி வெட்டினாங்க. ஜாதிக்காயை வெளிய விக்கறதுக்கு முன்னாடி சுண்ணாம்புல முக்கினாங்க, யாரும் வாங்கி முளைக்கப் போட்டுடக் கூடாதுன்னு.

அந்தத் தீவுகள்ல ஒரு குழந்தை பிறந்தா ஒரு கிராம்பு மரம் நடுற வழக்கம் இருந்ததா சொல்லுவாங்க. அப்படின்னா கம்பெனி ஆள் கோடாலியோட வந்து வெட்டினது வெறும் மரத்தை இல்ல. தன் வீட்டு முத்தத்துல ஒரு செடி வச்சிருக்கறதே குற்றம்னு ஆன காலம் அது.

ஆனா செடியை அடைச்சு வைக்க முடியாது. பியர் புவாவ்ர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஏற்பாட்டுல 1770-ல கிராம்பு, ஜாதிக்காய் நாத்துகள் மொரீசியஸ் தீவுக்குக் கடத்திட்டு வரப்பட்டது. 1796-ல இங்கிலீஷ்காரங்க மலுக்குத் தீவுகளைப் பிடிச்சாங்க. பிடிச்சதும் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கேருந்து நாத்துகளைத் தன்னோட மத்த இடங்களுக்குக் கப்பல்ல அனுப்பிச்சது. அப்படித்தான் 1800-ஐ ஒட்டி குற்றாலத்துல கம்பெனியோட நறுமணத் தோட்டத்துக்குக் கிராம்பு வந்தது. இந்தியாவுக்குக் கிராம்பு மரம் வந்த கதையைச் சொல்ற புத்தகங்கள் எல்லாம் குற்றாலத்துல இருந்துதான் ஆரம்பிக்கும். அப்புறம் அது நாகர்கோவில் பக்கத்து மலைகளுக்குப் போச்சு. 2021-ல 'கன்னியாகுமரி கிராம்பு'க்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

ஏன் நாத்தா கொண்டு வந்தாங்க, விதையா கொண்டு வரலாமே? முடியாது. கிராம்பு விதையை அவரை விதை மாதிரி காய வச்சு பாட்டில்ல போட முடியாது. காஞ்சா செத்துரும். ஈரம் குறையாம, உயிரோட, மண்ணோட பெட்டியில வச்சு, குடிக்கற தண்ணியே ரேஷன்ல கிடைக்கற கப்பல்ல மாசக் கணக்குல தண்ணி ஊத்திக் கொண்டு வரணும். குற்றாலத்துல அருவியும் ஈரக் காத்தும் ரெண்டு பருவ மழையும் இருந்ததால அது பிழைச்சது. அந்த அருவித் தண்ணிதான் சிற்றாறா ஓடி எங்க ஊரைத் தாண்டிப் போகுது.

அந்த நாத்துக்கு குற்றாலத்துல குழி வெட்டின கை யாரோடது, தண்ணி ஊத்தினது யாரு? புத்தகத்துல கம்பெனி பேர் இருக்கு. அவங்க பேர் இல்ல.

யார் பேர் எழுதப்படுது?

பேர் எழுதறதுங்கறது சின்ன விஷயம் இல்ல. ரெண்டு நல்ல உதாரணம் சொல்றேன்.

மலைக்கு அந்தப் பக்கம் கொச்சியில டச்சு ஆளுநரா இருந்த வான் ரீடு, 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்'னு 12 தொகுதி தாவர நூல் தயாரிச்சார். 1678-ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு. அதுல இருக்கற அறிவு இட்டி அச்சுதன்ங்கற ஈழவ வைத்தியரோட குடும்பச் சுவடியில இருந்து வந்ததுன்னு, அவரோட கையெழுத்து வாக்குமூலத்தையே அந்தப் புத்தகத்துல அச்சடிச்சிருக்காங்க. அதனாலதான் முந்நூறு வருஷம் கழிச்சும் அவர் பேர் நமக்குத் தெரியுது.

ரெண்டாவது ராபர்ட் வைட். ஸ்காட்லாந்துக்காரர், கம்பெனியோட ராணுவ டாக்டர். 1830-கள் நடுவுல பாளையங்கோட்டையில இருந்தார். அங்கேருந்து குற்றாலத்துக்குப் போய் செடி செடியாச் சேகரிச்சு, குற்றாலத் தாவரங்களைப் பத்தித் தனியா கட்டுரையே எழுதினார். அவரோட புத்தகங்களுக்குப் படம் வரைஞ்சது ரங்கையா, கோவிந்துன்னு ரெண்டு இந்திய ஓவியர்கள். வைட் அவங்க பேரைப் படத்துல போட்டார். அதுமட்டுமில்ல, ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு கோவிந்துவோட பேரையே வச்சார். அந்தக் காலத்துல அது அபூர்வம்.

பேர் வராம போனதுக்கும் ஒரு உதாரணம். உங்க அபார்ட்மென்ட் காம்பவுண்டு சுவத்துல தொங்கற காகிதப்பூ இருக்கே, அது பிரேசில்ல இருந்து வந்தது. 1760-கள்ல அதைச் சேகரிச்சது கொமர்சோன்ங்கற பிரெஞ்சுத் தாவர அறிஞர்னு சொல்லுவாங்க. அவரோட உதவியாளரா கப்பல்ல போனது ஜான் பாரே. அவங்க ஒரு பொண்ணு. கப்பல்ல பெண்களை ஏத்தக் கூடாதுன்னு விதி இருந்ததால ஆம்பளை வேஷத்துல போனாங்க. உலகத்தைச் சுத்தி வந்த முதல் பெண்ணா இன்னைக்கு அறியப்படறவங்க. பூவுக்குக் கப்பல் தலைவர் புகன்வீல் பேர் வந்தது. அவங்க பேர்ல ஒரு செடி வர 2012 வரைக்கும் காத்திருக்க வேண்டியதாச்சு.

தண்ணி யாருக்கு?

இவ்வளவு நேரம் ஆச்சி புறவாசலை நான் ரொம்ப இனிமையாச் சொல்லிட்டேன். ஒரு உண்மையையும் சொல்லணும்.

எங்க வீட்டுப் புறவாசல்ல கிணறு இருந்தது. கிணறு இருந்ததால தோட்டம் இருந்தது. வீட்டுத் தோட்டத்துக்கு மூணு வேணும்: சொந்தமா கொஞ்சம் மண்ணு, தண்ணி, நாளைக்கும் இங்கதான் இருப்போம்ங்கற நிச்சயம். ஊர்ப் பொதுக் கிணத்துல வாளி போடவே அனுமதி இல்லாத தலித் குடும்பங்களுக்கு, குடிக்கற தண்ணிக்கே யாராவது ஊத்த மாட்டாங்களான்னு காத்து நிக்கணும். அதுல அவரைக்கு எங்கேருந்து ஊத்தறது? குடியிருக்கற குடிசை நிலமே வேற ஒருத்தர் பேர்ல இருந்தா முருங்கையை நம்பி நட முடியுமா? அடுத்தவன் வயல்ல ஊருக்கே நெல் விளைவிச்ச கை, தனக்குன்னு ஒரு பாத்தி இல்லாம இருந்தது. பாட்டி வைத்தியம், பாரம்பரிய அறிவுன்னு நாம பேசற எதுலயும் இந்தக் கணக்கு வர்றதில்ல.

திருநெல்வேலிச் சீமையில இருந்தும் மத்த மாவட்டங்கள்ல இருந்தும் இலங்கைக் காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களைப் பாருங்க. லயத்துல ஒரு குடும்பத்துக்கு ஒரு அறை. அந்த லயத்துக்குப் பின்னாடி கிடைச்ச துண்டு மண்ணுலயும் அவங்க காய்கறி போட்டாங்க. ஆனா அந்த மண்ணு தோட்டத்துரையோடது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் லட்சக்கணக்குல ஜனங்க திரும்பி வர வேண்டி வந்தப்ப, நட்டு வளர்த்த மரம் அங்கேயே நின்னுச்சு. மனுஷங்க மட்டும் கப்பல் ஏறினாங்க.

பாக்கெட் வந்த கதை

இப்ப நம்ம காலம். 1942-ல பர்மாவை ஜப்பான் பிடிச்சதும் அங்கேருந்து வந்துட்டிருந்த அரிசி நின்னுச்சு. அரசாங்கம் 'அதிக உணவு விளைவிப்போம்'னு இயக்கம் நடத்திச்சு. சுதந்திரத்துக்கு அப்புறம் வீரிய ரகம் வந்தது, விளைச்சல் ஏறிச்சு, பட்டினி குறைஞ்சது. அதைக் குறைச்சு மதிப்பிட நான் தயாரில்ல. ஆனா கூடவே விதை ஒரு பாக்கெட்டா மாறிச்சு. அங்கணத்துத் தண்ணி சாக்கடைக்குப் போச்சு, புறவாசல் சிமெண்ட் தளமாச்சு. 2010-கள்ல அரசு தோட்டக்கலைத் துறை சென்னை, கோவை ஆளுங்களுக்கு மாடித்தோட்டக் கிட்டை மானியத்துல கொடுத்தப்ப, பத்தடி மண்ணு பையில அடைஞ்சு மாடிக்கு ஏறிச்சு.

மாடித்தோட்டம் போடற நிறையப் பேருக்கு வர்ற குழப்பம் ஒண்ணு: "போன வருஷம் அருமையா காய்ச்ச தக்காளியில விதை எடுத்துப் போட்டேன், இந்த வருஷம் ஒண்ணும் சரியில்ல." பாக்கெட்ல 'எஃப் 1 ஹைபிரிட்'னு போட்டிருந்தா அது ரெண்டு வேற ரகத்தை ஒட்டு சேர்த்த முதல் தலைமுறை. அதோட விதையைப் போட்டா குணம் பிரிஞ்சு நாலு விதமா வரும். அது மோசடி இல்ல, அது அப்படித்தான். ஆனா வருஷா வருஷம் நீங்க கடைக்குப் போகணும். நாட்டு ரகம்னா அப்படி இல்ல. அவரை, தக்காளி எல்லாம் பெரும்பாலும் தன் பூவுலயே கருவாகறதால விதை எடுக்கப் புதுசா வர்றவங்களுக்கும் சுலபம். பூசணி, சுரை, பீர்க்குல தேனீ கலந்துவிட்டுரும், கொஞ்சம் கவனம் வேணும்.

சட்டமும் தெரிஞ்சுக்கோங்க. 2001-ல வந்த பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், விவசாயிக்குத் தன் விளைச்சல்ல இருந்து விதை எடுக்க, திரும்ப விதைக்க, மாத்திக்க, விக்க உரிமை கொடுக்குது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்டு பேர் போட்டு விக்கறதுக்கு மட்டும் தடை. மலுக்குத் தீவுல கோடாலியோட வந்தவனை நினைச்சுப் பார்த்தா, இந்த ஒரு வரிக்குப் பின்னாடி எவ்வளவு இருக்குன்னு புரியும்.

பதினாலு விதை

சரி, பால்கனிக்கு வருவோம். பத்து நாள் பார்த்தேன். மூணு வாரம் பார்த்தேன். ஒண்ணு கூட முளைக்கல. மண்ணைக் கிளறிப் பார்த்தா எல்லாம் அழுகிக் கூழாகியிருந்தது.

தப்பு சாம்பல் மேல இல்ல, பாட்டில் மேல இல்ல. அவரை விதை நல்லா வச்சா மூணு நாலு வருஷம் தாங்கும். ஒன்பது வருஷம் தாங்காது. ஆச்சிக்கு அது தெரியும். அவங்க ஒன்பது வருஷத்துக்கு வைக்கல, அடுத்த ஆடிக்குத்தான் வச்சாங்க. அந்த ஆடியில நான் ஹாஸ்டல்ல இருந்தேன். அடுத்த ஆடியில வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பரண்ல ஏறிப் பார்க்க யாருக்கும் தோணல.

அந்த அவரைக்கு என்ன பேர்னு அம்மாகிட்ட கேட்டேன். "ஆச்சி வீட்டு அவரை"ன்னாங்க. பக்கத்து வீட்டு அத்தைகிட்ட ஃபோன் போட்டுக் கேட்டேன். "உங்க ஆச்சி குடுத்த அவரைதானய்யா? நாங்களும் போட்டோம். இப்ப இல்லியே"ன்னாங்க. ஒரு ரகம் போயிருச்சு. இதுக்குத் தருமபுரத்துல ஏடு கிடையாது.

ஏடு பூட்டி வச்சாலும் நூறு வருஷம் கழிச்சு ஒரு உ.வே.சா. வர வாய்ப்பிருக்கு. விதைக்கு அந்த அவகாசம் கிடையாது. அதைப் பாதுகாக்க ஒரே வழி, நட்டு, காய வச்சு, எடுத்து, இன்னொருத்தர் கையில கொடுக்கறது. இன்னொரு கையில இருந்தா, என்னோடது அழுகிப் போனாலும் கேட்டு வாங்கிக்கலாம்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். உங்க ஊர்ல இன்னும் யாராவது ஆச்சி, அப்பத்தா, அம்மாயி புறவாசல்ல ஏதாவது போட்டிருந்தா, இந்தத் தடவை போறப்ப காயை மட்டும் வாங்கிட்டு வராதீங்க. விதை கேளுங்க. என்ன பேர், யார் கொடுத்தது, எந்த மாசம் போடணும்னு கேட்டு, கொடுத்தவங்க பேரோட ஒரு தாள்ல எழுதி அந்த விதையோட வைங்க. வர்ற ஆடியில போடுங்க. முதல்ல திரண்டு வர்ற காயைப் பறிக்காதீங்க.

அது விதைக்கு.